அரபில் ‘என்ர’ என்று சொல்லப் பழகுவோம்

(அக்கராயனில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அக்கராயனில் அரபு மொழியைப் பற்றி ஒரு கூட்டமா என்று சிலருக்குத் தோன்றியிருக்கும். வன்னியில் குளத்தை நம்பி விதைக்கிற ஊர் இது. காலபோகமும் சிறுபோகமும் பேசத்தான் இங்கே ஆட்கள் கூடுவார்கள். ஆனால் இங்கிருந்தும் ஸ்கந்தபுரத்திலிருந்தும் கோணாவிலிலிருந்தும் எத்தனையோ பேர் சவூதி, குவைத், கட்டார், ஓமான், லெபனான் என்று போயிருக்கிறார்கள். போர் முடிந்து மீள்குடியேறிய பிறகு வீட்டைக் கட்ட, நுண்கடனை அடைக்க, பிள்ளைகளைப் படிப்பிக்க வேறு வழி தெரியாமல் போன பெண்கள் அவர்களில் நிறைய. குடும்பத்தைத் தனியே தாங்குகிறவர்கள். அவர்களுக்குக் கடவுச்சீட்டு எடுத்துக் கொடுத்தோம், மருத்துவப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனோம், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அழுது வழியனுப்பினோம். அவர்கள் போய் இறங்குகிற நாட்டின் மொழியில் என்ன சொல்லிக் கொடுத்தோம்?

இந்தக் கேள்வியின் ஒரு சிறு மூலையை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். உடைமையைக் காட்டும் சொற்கள்: என், உன், அவன், அவள், எங்கள். எங்கள் வாயில் என்ர, உன்ர, அவன்ர, அவவின்ர, எங்கட. இவை அரபில் எப்படி வருகின்றன, அரபு படிக்கிறவர் ஏன் இவற்றிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் பேச்சு.

அரபு ஒரு சொல்லும் தெரியாது என்று நினைப்பவர்களுக்கும் இரண்டு சொற்கள் தெரியும். ஒன்று, ‘அஸ்ஸலாமு அலைக்கும்’. இன்னொன்று, வெளிநாட்டில் இருந்து வந்தவர்களின் வாயிலும் சினிமாப் பாட்டிலும் கேட்டுப் பழகிய ‘ஹபீபி’. ‘அலைக்கும்’ என்பதில் ‘அலை’ என்றால் ‘மீது’. ‘கும்’ என்றால் ‘உங்கள்’. உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும். ‘ஹபீப்’ என்றால் அன்புக்குரியவர். கடைசியில் நீளும் ‘ஈ’தான் ‘என்’. பெண்ணைச் சொல்வதானால் ‘ஹபீபதீ’. ஆக, அரபின் உடைமை விகுதிகளில் இரண்டை நீங்கள் ஏற்கனவே உச்சரித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

விகுதி என்று சொன்னேன். முதற் பாடம் அதுதான். தமிழில் ‘என்’ தனிச் சொல்லாக முன்னே நிற்கும், பொருள் பின்னே வரும். அரபில் பொருள் முன்னே, உடையவர் அதன் வாலில் ஒட்டிக்கொண்டு பின்னே. ‘பைத்’ என்றால் வீடு. பைதீ என் வீடு. பைதுக உன் வீடு, கேட்பவர் ஆண் என்றால். பைதுகி உன் வீடு, கேட்பவர் பெண் என்றால். பைதுஹு அவன் வீடு, பைதுஹா அவள் வீடு, பைதுனா எங்கள் வீடு, பைதுகும் உங்கள் வீடு, பைதுஹும் அவர்கள் வீடு. பெண்கள் மட்டும் கூடியிருந்தால் பைதுகுன்ன, பைதுஹுன்ன. இருவருக்கு என்று தனியே பைதுகுமா, பைதுஹுமா. எழுத்து வழக்கில் மொத்தம் 12 வடிவங்கள். இவ்வளவா என்று பயப்பட வேண்டாம். வளைகுடாப் பேச்சு வழக்கில் இது 8 ஆகச் சுருங்கிவிடும். அந்த 8 விகுதிகளையும் ஒரு பின்னேரத்தில் பாடமாக்கிவிடலாம்.

பாடமாக்கியபின் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அரபில் குறித்த ஒரு பொருளைச் சொல்ல முன்னால் ‘அல்’ வரும்: அல்-பைத். உடைமை விகுதி ஒட்டியதும் அந்த ‘அல்’ போய்விட வேண்டும். என்னுடையது என்று சொன்ன பிறகு எது என்ற கேள்விக்கு இடமில்லை அல்லவா? புதிதாகப் படிப்பவர்கள் இரண்டையும் சேர்த்துச் சொல்வார்கள், அது பிழை. ஆனால் அந்த ‘அல்’ எங்கும் தொலைந்துபோவதில்லை. ‘பைதீ கபீர்’ என்றால் என்ர வீடு பெரிசு. ‘பைதீ அல்-கபீர்’ என்றால் என்ர பெரிய வீடு. முதலாவது முடிந்த வாக்கியம். இரண்டாவது இன்னும் முடியாத தொடர், பிறகு என்ன என்று கேட்பவர் காத்திருப்பார். ஓர் ‘அல்’ வாக்கியத்தை அவிழ்க்கவும் கட்டவும் செய்கிறது. ‘ஆ’ என்று முடிகிற பெண்பாற் சொற்களில் மறைந்திருக்கும் ‘த்’ விகுதி வந்ததும் வெளியே வரும்: குர்ஃபா அறை, குர்ஃபதீ என் அறை, இஜாஸா விடுமுறை, இஜாஸதீ என் விடுமுறை.

இது எங்களுக்கு அந்நியமான முறையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. உறவுப் பெயரோடு உடையவரை ஒட்டவைக்கும் வழக்கம் தமிழிலும் இருந்தது. எந்தை என்றால் என் தகப்பன், நுந்தை உன் தகப்பன், தந்தை அவன் தகப்பன். யாய், ஞாய், தாய் என்பனவும் அப்படியே என் தாய், உன் தாய், அவன் தாய். சங்கத் தமிழ் படித்தவர்களுக்கு இது தெரியும். இன்று தந்தையும் தாயும் எல்லோருக்கும் பொதுச் சொல்லாகி, அந்தப் பழைய ஒட்டு மறந்துபோயிற்று. நாங்கள் முன்னே ஒட்டினோம், அரபு பின்னே ஒட்டுகிறது.

இன்னொன்று, பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்தவர்கள் கவனிக்க வேண்டியது. ஆங்கிலத்தில் ‘வைத்திருத்தல்’ என்பதற்கு ஒரு வினைச்சொல் உண்டு. அதைப் பழகுவதற்குள் பிள்ளைகள் படும் பாடு ஆசிரியர்களுக்குத் தெரியும். அரபுப் பேச்சில் அந்த வேலையை வினைச்சொல் செய்வதில்லை. ‘இந்தீ’ என்பார்கள்: என்னிடம். எங்கள் பேச்சில் ‘என்னட்டை இருக்கு’ என்பது அப்படியே. ‘லீ’ என்றால் எனக்கு: எனக்கு ஒரு சகோதரன் என்கிறோமே, அது. ‘மஈ’ என்றால் என்னோடு, கையோடு. காசு கையிலே இருக்கிறதா, வீட்டிலே இருக்கிறதா என்ற வேறுபாடு வரை இந்தச் சிறு சொற்கள் சொல்லிவிடும். எல்லாவற்றின் வாலிலும் இருப்பது அதே ‘ஈ’தான். இந்தீ, இந்தக், இந்தஹா என்று மாற்றிக்கொண்டே போனால் ஒரு நாளைப் பேசித் தீர்த்துவிடலாம்.

திணை விஷயத்திலும் உறவு உண்டு. உயர்திணை, அஃறிணை என்று நாங்கள் பிரிப்பதைப் போல அரபு இலக்கணமும் அறிவுடையவை, அறிவற்றவை என்று பிரிக்கிறது. மனிதர் பலரானால் ‘ஹும்’. மாடுகளோ புத்தகங்களோ பலவானால் பெண்பால் ஒருமையான ‘ஹா’. ஐரோப்பியர் இந்த விதியைக் கண்டு திகைப்பார்கள். தொல்காப்பியம் எழுந்த மொழியில் பிறந்தவருக்கு அது ஏன் அப்படி என்று ஒரு சொல்லும் விளக்க வேண்டியதில்லை.

வேறுபடும் இடங்களும் உண்டு. இரண்டை மட்டும் சொல்கிறேன். வன்னியில் நாங்கள் உன்ர, உம்மட, உங்கட என்று மூன்று படி வைத்திருக்கிறோம். தம்பியிடம் ஒன்று, மருமகனிடம் ஒன்று, வாத்தியாரிடம் ஒன்று. அரபில் இந்தப் படிகள் கிடையாது. சலாம் சொல்லும்போது ஒருவருக்கும் ‘கும்’ என்று பன்மையில் சொல்வார்கள். அன்றாடப் பேச்சில் ஆணிடம் ‘உன்’ என்பது ‘அக்’: வீட்டு எஜமானுக்கும் அதே ‘அக்’, அவருடைய சின்ன மகனுக்கும் அதே ‘அக்’. அங்கே போன எங்கள் பெண்கள் பலர் மரியாதை குறைந்துபோகுமோ என்று பயந்து, சொல்ல வேண்டியதையே விழுங்கிவிடுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. அது அவர்களின் மொழியில் மரியாதைக் குறைவு ஆகாது.

மற்றது ‘எங்கட’. தமிழில் ‘நம் வீடு’ என்றால் கேட்பவருக்கும் அதில் பங்கு உண்டு. ‘எங்கள் வீடு’ என்றால் அவர் வெளியே. அரபின் ‘னா’ இரண்டுக்கும் ஒன்றுதான். வீட்டுக்காரப் பெண் ‘பைத்னா’ என்று சொல்லும்போது, வேலைக்கு வந்தவளையும் சேர்த்துச் சொல்கிறாளா, விலக்கிச் சொல்கிறாளா என்று அந்தச் சொல் காட்டிக்கொடுக்காது. அதை அவள் நடந்துகொள்ளும் விதத்தில்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனிப் பேச்சு வழக்கு. புத்தகத்தில் ‘பைதுக, பைதுகி’ என்று படித்தது வளைகுடாவில் ‘பைத்தக், பைத்திச்’ என்று காதில் விழும். குவைத்தில் பெண்ணுக்கு வரும் அந்த ‘இச்’ புதிதாகப் போகிறவர்களைக் குழப்பும். லெபனானில் ‘கும்’ என்பது ‘கொன்’ ஆகிவிடும். இவற்றை விட முக்கியமானது தனித்து நிற்கும் ‘என்னுடையது’. வளைகுடாவில் அதற்கு இரண்டு சொற்கள் ஓடுகின்றன. ஒன்று ‘மால்’, பொருள், சொத்து என்று அர்த்தம். எங்கள் ஆட்களும் மலையாளிகளும் வங்காளிகளும் சேர்ந்து வேலை செய்யும் இடங்களில் உருவான கலப்பு அரபில் ‘மால் அன’ என்றால் என்ர. புத்தக இலக்கணம் கிடையாது, காரியம் நடக்கும். மற்றது ‘ஹக்’. ‘ஹக்கீ’ என்றால் என்னுடையது. அந்தச் சொல்லுக்கு எழுத்து மொழியில் உரிமை என்று பொருள். ‘ஹாதா ஹக்கீ’ என்று ஒரு பெண் சொன்னால், இது என்ர என்றும் இது என் உரிமை என்றும் கேட்பவர் இரண்டையும் கேட்கிறார். அரபு நாட்டுக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் நான் முதலில் சொல்லிக்கொடுக்க விரும்பும் சொல் இதுதான்.

போகிறவர்களுக்கு இப்போது கிடைப்பது என்ன? ‘30 நாளில் அரபு’ என்ற வகையில் சின்னச் சின்னப் புத்தகங்கள், கைத்தொலைபேசியில் சில ஒலிப்பதிவுகள். வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குப் பயிற்சியில் கொஞ்சம் அரபும் உண்டு. ஆனால் குறுகிய காலம். இவற்றைத் திறந்தால் பெரும்பாலும் கட்டளைச் சொற்கள்: தஆலீ, வா, ரூஹீ, போ, ஜீபீ, கொண்டுவா, நள்ளிஃபீ, துப்புரவாக்கு. இவற்றின் கடைசியில் இருப்பது பெண்ணை ஏவும்போது வரும் ‘ஈ’. ‘என்’ என்ற ‘ஈ’யோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இந்தச் சொற்கள் தேவையில்லை என்று சொல்ல மாட்டேன். வேலைக்குப் போனால் வேலை விளங்க வேண்டும். ஆனால் இவை எல்லாம் அவள் காதுக்கான சொற்கள். அவள் வாய் திறந்து சொல்ல வேண்டியவை எங்கே? ராத்திபீ, என் சம்பளம். ஜவாஸீ, என் கடவுச்சீட்டு. இஜாஸதீ, என் விடுமுறை. ஹாதிஃபீ, என் தொலைபேசி. இந்த நான்கையும் ‘வய்ன்?’, எங்கே, என்ற ஒரு சொல்லோடு சேர்த்தால் நான்கு முழுக் கேள்விகள் ஆகிவிடும். ‘வய்ன் ராத்திபீ?’ ஆபத்தில் ஆளைக் கூப்பிட ‘ஸாஇத்னீ’: எனக்கு உதவி செய். வினைச்சொல்லோடு ஒட்டும்போது ‘ஈ’ என்பது ‘னீ’ ஆகும், அவ்வளவுதான்.

பேச்சைவிட எழுத்தில் இந்த விகுதி இன்னும் கூர்மையாக வெட்டும். வேலை ஒப்பந்தம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வேலை கொடுப்பவர் ஆண், வேலை செய்பவர் பெண். ஒப்பந்தம் இருவரையும் படர்க்கையில்தான் பேசும். ‘ராத்திபுஹா’ என்று வந்தால் அவளுடைய சம்பளம். ‘ஜவாஸு ஸஃபரிஹா’ என்று வந்தால் அவளுடைய கடவுச்சீட்டு. விமானச் சீட்டைப் பற்றிய வரியில் ‘அலா நஃபகதிஹி’ என்று இருந்தால் அவருடைய செலவில், அதாவது வேலை கொடுப்பவரின் செலவில்; இந்த ‘ஹி’ முன்னே பார்த்த ‘ஹு’தான். ‘அலா நஃபகதிஹா’ என்று இருந்தால் அவளுடைய செலவில். அரபு எழுத்தில் இந்த இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் கடைசியில் நிற்கும் ஒரு நேர்கோடு, அலிஃப். அந்த ஒரு கோடு இருக்கிறதா இல்லையா என்பதில் ஊருக்குத் திரும்புகிற சீட்டின் காசு இருக்கிறது. அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்க முழு அரபும் தெரிய வேண்டியதில்லை. ‘ஹ’ என்ற எழுத்தையும் அலிஃபையும் அடையாளம் காணத் தெரிந்தால் போதும்.

சட்டங்கள் இல்லாமல் இல்லை. குவைத்தில் 2015ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டம் வீட்டுப் பணியாளர்களுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் ஆண்டு விடுமுறையும் உண்டு என்கிறது. பணியாளரின் சம்மதம் இல்லாமல் அவரது கடவுச்சீட்டை எஜமான் வைத்திருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. ஆனால் சட்டம் தானாக வந்து வீட்டுக் கதவைத் தட்டாது. ஜவாஸீ என்று கேட்க ஒரு வாய் வேண்டும்.

மூதூரின் றிசானா நபீக்கை இந்த இடத்தில் நினைக்காமல் போக முடியாது. 2005இல் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனார். கடவுச்சீட்டில் வயது கூட்டி எழுதப்பட்டிருந்தது. போன சில வாரங்களில் அவர் பொறுப்பில் இருந்த குழந்தை இறந்தது. அந்தச் சாவுக்காக 2007இல் மரண தண்டனை. 2013 ஜனவரி 9 அன்று அது நிறைவேற்றப்பட்டது. அவர் தமிழில் சொன்னது அரபில் சரியாகப் பெயர்க்கப்பட்டதா என்ற கேள்வி அந்த வழக்கில் திரும்பத் திரும்ப எழுந்தது. கொஞ்சம் அரபு தெரிந்திருந்தால் அவர் உயிர் தப்பியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. தன்னுடைய வாக்குமூலம் தன் வாயை விட்டுப் போன பிறகு என்னவாகிறது என்று அறிய முடியாத நிலையில் ஒரு பிள்ளை அங்கே இருந்தாள் என்பதைத்தான் சொல்கிறேன். எங்கள் பிள்ளைகளை அந்த நிலையில் மீண்டும் மீண்டும் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

யார் சொல்லிக்கொடுப்பது என்று கேட்பீர்கள். அரபு அறிந்தவர்கள் எங்கள் அயலிலேயே இருந்தார்கள். பூநகரிப் பக்கம் நாச்சிக்குடாவில், முல்லைத்தீவில் தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் முஸ்லிம் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். அவர்களின் பிள்ளைகள் பள்ளிவாசலில் ஓதும்போது ‘ரப்பனா’, எங்கள் இறைவா, என்று சொல்லிச் சொல்லி இந்த ‘னா’வை நடக்கப் பழகும் வயதிலேயே கற்றார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகள் அவர்களை வெளியேற்றினார்கள். ஏறக்குறைய 75,000 பேர். பெரும்பாலோர் புத்தளத்தில் அகதிகளானார்கள். அது அநியாயம். தமிழ்க் கிராமம் ஒன்றில் தமிழில் நின்றுகொண்டு இதைச் சொல்வது என் கடமை. சொந்த ஊரை ‘என்ர ஊர்’ என்று சொல்ல முடியாமற் போவது என்னவென்று, 2008இல் இடம்பெயர்ந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. போர் முடிந்தபின் அவர்களில் ஒரு பகுதியினர் திரும்பி வந்திருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கேட்கலாம்.

அரபையும் தமிழையும் சேர்த்துப் பழகியவர்கள் இந்தக் கடலின் இரு கரையிலும் இருந்திருக்கிறார்கள். அரபுத் தமிழ் என்று ஒரு மரபு உண்டு. தமிழை அரபு எழுத்தில் எழுதுவது. தமிழுக்கே உரிய ஒலிகளுக்கு அரபு எழுத்துகளில் புள்ளிகளும் குறிகளும் சேர்த்துக்கொள்வார்கள். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் மார்க்க நூல்கள் அந்த எழுத்தில் அச்சாகின. 1344இல் இந்த நாட்டுக்கு வந்த மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா, ஆரியச்சக்கரவர்த்திக்குப் பாரசீகம் விளங்கியது என்று எழுதிவைத்திருக்கிறார். வடக்கை ஆண்ட தமிழ் அரசன் கடல் கடந்து வந்தவர்களின் மொழி ஒன்றைத் தெரிந்து வைத்திருந்தான். வணிகம் அதைக் கேட்டது. இன்று எங்கள் பெண்களின் உழைப்பு அதைக் கேட்கிறது.

அரபு எங்கள் மதத்தவரின் மொழி இல்லையே என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். 8ஆம் நூற்றாண்டில் அரபு இலக்கணத்தின் தலையாய நூலை எழுதிய சீபவைஹி பாரசீகர். அரபு அவருக்குத் தாய்மொழி இல்லை. அவருடைய நூலுக்கு இன்றுவரை ‘அல்-கிதாப்’, புத்தகம், என்றே பெயர். லெபனானின் மரோனியக் கிறிஸ்தவர்களும் அரபில்தான் பேசுகிறார்கள். எங்கள் நாட்டில் சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் அரபு ஒரு பாடம். ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியக் கற்கைகளுக்கும் அரபு மொழிக்கும் என்று ஒரு பீடமே இயங்குகிறது. ஆசிரியர்கள் இல்லாத மொழி இல்லை இது. எங்கள் பக்கத்தில் கேட்க ஆள் இல்லாத மொழி.

ஆகவே என் வேண்டுகோள் இது. இந்த வட்டாரத்தின் சனசமூக நிலையங்களில் ஏதாவது ஒன்றில் ஞாயிறு பின்னேரங்களில் ஓர் அரபு வகுப்புத் தொடங்குங்கள். நாச்சிக்குடாவிலோ வவுனியாவிலோ இருந்து ஒரு மௌலவியையோ அரபு ஆசிரியையையோ அழைத்து வாருங்கள். பஸ் காசும் ஒரு சிறு கொடுப்பனவும் ஊர் சேர்ந்து கொடுக்க முடியாததல்ல. முதல் வகுப்பில் கட்டளைச் சொற்கள் வேண்டாம், உடைமை விகுதிகள் எட்டும் போதும். வெளிநாட்டுக்குப் போக விண்ணப்பித்திருக்கிறவர்கள் ஒப்பந்தத்தின் அரபுப் பிரதியையும் தமிழ்ப் பிரதியையும் கையெழுத்திட முன்னரே கேட்டு வாங்கி அந்த வகுப்புக்குக் கொண்டு வரட்டும். சம்பளம், விடுமுறை, கடவுச்சீட்டு, விமானச் சீட்டு என்ற நான்கு இடங்களிலும் ‘ஹு’, ‘ஹி’ வருகிறதா, ‘ஹா’ வருகிறதா என்று எல்லோரும் சேர்ந்து பார்க்கட்டும். ஏற்கனவே போய் வந்தவர்கள் இந்தச் சபையிலேயே பலர் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்த அரபு சின்ன அறிவு இல்லை, அதை அடுத்துப் போகிறவளுக்குச் சொல்லிக்கொடுங்கள். வகுப்புக்குப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் கலைய முன் செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.